கன்னக்கோலும் சிரிப்பும்: தண்டியின் திருடனை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

தண்டி என்றால் நமக்கு இலக்கணக்காரர். தமிழாசிரியர் கரும்பலகையில் உவமை, உருவகம் என்று எழுதிப்போட, மனப்பாடம் செய்து பரீட்சையில் கக்கிவிட்டு வந்தோமே, அந்தத் தண்டியலங்காரம் 'காவியாதரிசம்' என்ற வடமொழி நூலின் வழிவந்தது. அந்த மூலநூலைச் செய்தவர் தண்டி. இதோடு அவரை விட்டுவிட்டோம். அதே தண்டி ஒரு திருடனை நாயகனாக்கி, படிக்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கும்படி உரைநடையில் ஒரு மாயக்கதை எழுதினார் என்பதும், அவர் காஞ்சிபுரத்துக்காரர் என்பதும் நம்முடைய நாவல் பற்றிய பேச்சுகளில் வருவதேயில்லை. ஐரோப்பியப் போக்கிரி நாவலின் தொடக்கமாக 1554இல் வந்த ஸ்பானிய 'லாசரில்லோ'வைச் சொல்கிறோம். அதற்கு எண்ணூறு வருஷத்துக்கும் மேலே முந்தைய ஒரு போக்கிரி நம்ம ஊர்ப்பக்கம் உலவியதைச் சொல்வதில்லை.

நூலின் பெயர் 'தசகுமார சரிதம்'. பத்து இளைஞர்கள் பிரிந்துபோய், மறுபடி சந்தித்து, ஆளுக்கொரு கதையாகத் தாங்கள் பட்டதைச் சொல்கிறார்கள். தண்டி எழுதியதில் முன்பகுதியும் முடிவும் அழிந்துபோக, பிற்காலத்தார் ஒட்டுப்போட்டு நிரப்பியிருக்கிறார்கள். இலக்கணம் எழுதிய தண்டியும் கதை எழுதிய தண்டியும் ஒருவரே என்பதை ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். காலம் ஏழாம் நூற்றாண்டின் கடைசி, எட்டின் தொடக்கம். இராசசிம்ம பல்லவனின் காஞ்சி. 'அவந்திசுந்தரி கதை' என்ற சிதைந்த நூலின் முன்பகுதி தண்டியின் சொந்தக் கதையைத் தருகிறது. சிறுவயதில் பெற்றோரை இழந்தவர். படையெடுப்பும் பஞ்சமும் வந்தபோது காஞ்சியைவிட்டு வெளியேறி, கண்ட இடத்தில் அலைந்து, அமைதி திரும்பிய பிறகு வந்து சேர்ந்தவர். ஒரு நகரம் யாரை வைத்துக்கொள்ளும், யாரைக் கைவிடும் என்பதைப் பட்டுத் தெரிந்தவர் என்று சொல்லலாம்.

இவரை வெறும் அரண்மனைப் புலவர் என்று தள்ளிவிட முடியாது. ஆறாவது கதைக்குள் ஒரு கிளைக்கதை. காஞ்சி நகரத்து வணிகன் மகன் ஒருவன் துணி முடிச்சில் கொஞ்சம் நெல்லோடு பெண் தேடிக் காவிரிக்கரைக்கு வருகிறான். இதை வைத்து எனக்கு முழுச்சாப்பாடு போட முடியுமா என்று பார்க்கிற பெண்ணையெல்லாம் கேட்கிறான். கோமினி என்கிற பெண் நெல்லை உமி உடையாமல் குத்தி, அந்த உமியை நகைக்கு மெருகேற்றத் தட்டாரிடம் விற்கச் சொல்லி, கிடைத்த காசில் விறகும் சட்டியும் வாங்கி, கஞ்சியில் ஆரம்பித்து மோர் வரைக்கும் பரிமாறுகிறாள். உமிக்கு யார் விலை கொடுப்பார்கள் என்று தெரிந்த எழுத்தாளர் இவர். இந்தக் கண்தான் திருடனையும் பார்க்கிறது.

2

திருடன் பெயர் அபகாரவர்மன். அபஹாரம் என்றால் பறித்தல். பெயரிலேயே தொழில் இருக்கிறது. பிரிந்த நண்பனைத் தேடிக்கொண்டு கங்கைக்கரையில் உள்ள சம்பா நகரத்துக்கு வருகிறான். ஊருக்கு வெளியே இரண்டு பேரைப் பார்க்கிறான். ஒருவர் மரீசி என்னும் முனிவர். காமமஞ்சரி என்ற கணிகை துறவு வேண்டும் என்று நடித்து அவர் ஆசிரமத்தில் தங்கி, அவர் மனசைக் கலைத்து, நகரத்துக்குக் கூட்டிப்போய், ராஜா முன்னால் நிறுத்திக் காட்டிவிட்டு, போய்ட்டு வாங்க என்று அனுப்பிவிட்டாள். இன்னொரு கணிகையிடம் அவள் கட்டிய பந்தயம் அது. மற்றவன் விரூபகன். பணக்கார வணிகன் மகன். இதே காமமஞ்சரியிடம் கோவணம் மட்டும் மிஞ்சும்வரை எல்லாவற்றையும் இழந்து, பிறகு கோவணத்தையும் விட்டுவிட்டுச் சமணத் துறவியானவன். உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறான். உன் சொத்தை மீட்டுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து அபகாரவர்மன் ஊருக்குள் நுழைகிறான்.

நுழைந்தால் ஊர் முழுக்கக் கஞ்சர்கள். செல்வம் நிலையில்லாதது என்று இவர்களுக்கு யாராவது பாடம் நடத்த வேண்டாமா? அந்தத் தத்துவப் பணியை அவன் தன் தலைமேல் போட்டுக்கொள்கிறான்! திருட்டுச் சாத்திரத்தின் ஆசானாகச் சொல்லப்படும் கர்ணீசுதன் காட்டிய வழியில் நடப்பதென்று தீர்மானம். நிலையாமை என்ற பெரிய சொல் திருடனின் வாய்க்கு வந்து சேரும் இந்த இடத்தில் நம்முடைய முதல் சிரிப்பு எழுகிறது. கோயிலிலும் மடத்திலும் ஏழைகளுக்குச் சொல்லப்பட்ட நிலையாமை இங்கே பணப்பெட்டி வைத்திருப்பவனுக்குச் செய்முறை விளக்கத்தோடு போதிக்கப்படுகிறது.

சூதாட்டக் கூடத்தில் பதினாறாயிரம் தினார் ஜெயித்து, பாதியைக் கூடத்துக்காரனுக்கும் கூட இருந்தவர்களுக்கும் கொடுத்துவிடுகிறான். பிறகு இராத்திரி வேலை. தண்டி தரும் கருவிப் பட்டியல் ஒரு தொழிலாளியின் பெட்டியைத் திறந்து காட்டுவதுபோல இருக்கிறது: பாம்புத்தலை வடிவில் சுவர் தோண்டும் கருவி (நாம் கன்னக்கோல் என்போம்), ஊதல், இடுக்கி, ஓட்டைக்குள் முதலில் நீட்டிப் பார்க்கப் பொய்த்தலை, மயக்குப்பொடி, மாயத்திரி, அளவு நூல், கொக்கி, கயிறு, விளக்கு வைக்கும் பெட்டி, எரிகிற விளக்கை அணைக்கப் பறக்கவிடும் வண்டுகள் அடைத்த சிமிழ். மாயமும் தச்சுவேலையும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. மந்திரப்பொடியும் அளவு நூலும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன.

ஒரு வீட்டில் கன்னம் வைத்துவிட்டு வரும்போது இருட்டில் தனியாக ஓடிவரும் ஒரு பெண் எதிர்ப்படுகிறாள். குலபாலிகை. கொடுத்துக் கொடுத்தே ஏழையான தனமித்திரனுக்கு நிச்சயிக்கப்பட்டவள். அவன் ஏழையானதும் அப்பன் மனம் மாறி, அர்த்தபதி என்ற பணக்காரனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறான். அவள் காதலனிடம் ஓடுகிறாள். இரவுக் காவலர் வருகிறார்கள். திருடன் சட்டென்று பாம்பு கடித்தவனாகச் சாய்கிறான்; அவள் பெண்டாட்டியாக ஒப்பாரி வைக்கிறாள். விஷம் இறக்கத் தெரியும் என்ற காவலன் ஒருவன் மந்திரித்துப் பார்த்து, இனி ஒண்ணும் பண்ண முடியாதும்மா என்று சொல்லிவிட்டுப் போகிறான். 'கள்ளன் பெரிசா காப்பான் பெரிசா' என்ற பழமொழிக்கு இதைவிட நல்ல உரை கிடையாது. அவளைத் தனமித்திரனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தபின், அவளையே வழிகாட்டியாக வைத்து அவள் அப்பன் வீட்டில் மண்பாண்டம் மட்டும் மிஞ்சும்படி துடைத்து எடுக்கிறார்கள்.

3

கதையின் மையம் ஒரு தோல்பை. அபகாரவர்மன் சொல்லிக்கொடுத்தபடி தனமித்திரன் ராஜாவிடம் போய் ஒரு கதை சொல்கிறான்: வறுமையில் உயிரை விடப்போனேன், ஒரு சித்தர் தடுத்து இந்தப் பையைக் கொடுத்தார், இது லட்சக்கணக்கில் பொன் சுரக்கும். ஆனால் வணிகருக்கும் கணிகையருக்கும்தான் சுரக்கும். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. அநியாயமாகச் சம்பாதித்ததை உரியவரிடம் முதலில் திருப்பித் தர வேண்டும். நியாயமாகச் சம்பாதித்ததைத் தானம் செய்துவிட வேண்டும்.

நிபந்தனையின் அழகைப் பாருங்கள். பை வெறும் பை. அதில் ஒரு மாயமும் கிடையாது. திருடிய பொருளைச் சுரந்த பொருளாகக் காட்ட ஒரு மறைப்பு. ஆனால் பேராசை அதை நம்புகிறது. காமமஞ்சரி பைமேல் கண்வைக்கிறாள். அவள் தங்கை ராகமஞ்சரி திருடனைக் காதலிக்கிறாள். பையைத் திருடிக் கொடுத்தால் தங்கையைத் தருகிறேன் என்று பேரம். பை கைமாறுகிறது. சுரக்க வைக்க வேண்டுமே! விரூபகனிடம் பிடுங்கியதையெல்லாம் காமமஞ்சரி திருப்பித் தருகிறாள். மிச்சத்தை ஊருக்குத் தானம் செய்கிறாள். வீடு காலி. பை காணாமல்போன விவகாரத்தில் அர்த்தபதி மாட்டிக்கொள்ள, அவன் சொத்து பறிமுதலாகி நாடு கடத்தப்படுகிறான். துறவி துறவை விட்டு வீட்டுக்குப் போகிறான்.

கருவிப்பெட்டியில் உள்ள எந்தக் கருவியையும்விட வலுவான கருவியாக இங்கே வேலை செய்வது கதை. திருடன் கைவைக்காமலேயே பணக்காரர்கள் தாங்களே தங்கள் வீட்டைக் கொள்ளையடித்துக்கொள்கிறார்கள். ராஜா அந்தக் கதையை நம்புகிறார். நம்பியதால் அது சட்டமாகிறது. அதிகாரம் ஒரு புனைவை அங்கீகரிக்கும்போது அந்தப் புனைவு சொத்தை இடம் மாற்றும் என்ற விஷயத்தை நாம் இன்றைக்குக் கோட்பாட்டுச் சொற்களில் சுற்றிவளைத்துச் சொல்கிறோம். தண்டி ஒரு தோல்பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

சிரிப்புக்கு அந்தக் காலத்துக் காஞ்சியில் மரபு இருந்தது. மகேந்திரவர்மன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' காஞ்சித் தெருவில் நடக்கிறது. காபாலிகன் ஒருவனுடைய கபாலப் பாத்திரத்தைக் காணோம். திருடியது நீதான் என்று புத்த பிக்குவைப் பிடித்துக்கொள்கிறான். எடுத்துக்கொண்டு போனது ஒரு நாய். அரசனே எழுதிய நாடகத்தில் பழி தவறான ஆள்மேல் விழுகிறது. சிரித்து முடித்ததும் பழி விலகிவிடுகிறது. யாரும் சாவதில்லை.

4

பழி விலகாத இடத்துக்கு வருவோம். சிலப்பதிகாரம், கொலைக்களக் காதை. கோவலன் கையில் இருப்பது கண்ணகியின் சிலம்பு. அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். காவலர்கள் கோவலனைப் பார்த்துவிட்டு, இவன் முகத்தைப் பார்த்தால் கள்ளன் மாதிரி தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை உடைக்கப் பொற்கொல்லன் எடுப்பதும் கதைதான். களவுநூல் வல்லவர்களுக்கு எட்டுவகைத் துணை உண்டு என்று வரிசையாகச் சொல்கிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, சகுனம், சூழ்ச்சி, இடம், நேரம், கருவி. மருந்தில் மயங்கினால் அகப்பட்டீர்கள், மந்திரம் சொன்னால் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள் என்கிறான். இளவரசன் கழுத்து மாலையைப் பறித்துக்கொண்டு அவன் வாளுக்கும் தப்பிப்போன ஒருவனின் கதையைச் சொல்கிறான். காவலரில் ஒருவனும் தன் பங்குக்கு ஒரு மழைநாள் இரவின் கள்ளன் கதையை எடுத்துவிடுகிறான். கதை முற்றிய நேரத்தில் குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இரண்டு பிரதிகளும் தொடுவது ஒரே சரக்கை. மாயப்பொடி, கண்கட்டு, கன்னக்கோல், களவு நூல். சம்பாவில் இந்தப் புனைவைத் திருடன் சொல்கிறான். பணம் வெளியே வருகிறது. மதுரையில் இந்தப் புனைவைத் திருடிவிட்டு யோக்கியனாக நிற்பவன் சொல்கிறான். அப்பாவியின் உயிர் போகிறது. கள்ளனைப் பற்றிய மாயக்கதை தன்னளவில் கலகமும் கிடையாது, ஒடுக்குமுறையும் கிடையாது. யார் சொல்கிறார்கள், யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள், கேட்பவன் கையில் வாள் இருக்கிறதா என்பவை அதன் அரசியலைத் தீர்மானிக்கின்றன. கோவலன் வெளியூர்க்காரன். தனக்காகச் சாட்சி சொல்ல மதுரையின் அந்தத் தெருவில் அவனுக்கு ஒரு நாதி இல்லை. மாயக்கள்ளன் கதை ஒட்டுவதற்கு வசதியான உடம்பு எப்போதும் வெளியாளின் உடம்புதான்.

இதோடு முடிந்ததா? இல்லை. கண்ணகியின் கோபம் தணிய, வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்ததாகக் காப்பியம் சொல்கிறது. ஒருவன் செய்த களவுக்கு ஒரு தொழிற்குழுவே தலை கொடுக்கிறது. அரும்பாவூர்க்காரனான எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப்போவது சிரமம். பச்சைமலை அடிவாரத்தில் உள்ள எங்க ஊர் மரச்சிற்பத்துக்குப் பேர்போனது. 2020இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பொன், மரம், கல், இரும்பு, வெண்கலம் என்று ஐந்தொழிலையும் ஒரே கம்மாளர் வரிசையில் வைத்துத்தான் நம் மரபு எண்ணுகிறது. உளி பிடிக்கிறவர்களின் தெருவில் நின்று படித்தால் அந்த ஆயிரம் வெறும் எண்ணாகத் தெரியாது. கண்ணகிக்கு நீதி கேட்ட காப்பியத்தில், கேட்பாரில்லாமல் செத்த ஆயிரம் பேருக்குக் காதை கிடையாது.

5

அப்படியென்றால் தண்டியைக் கொண்டாடிவிட்டுப் போகலாமா என்றால் அதுவும் முடியாது. அபகாரவர்மன் வேஷத்தில்தான் திருடன். பிறப்பில் மிதிலை அரசனின் மகன். சிறையில் விழுந்தாலும் கதை அவனைக் கைவிடாது என்று தெரிந்துகொண்டே படிக்கிறோம். அவன் சிறைப்படுகிறான், இளவரசி தன்னைக் காதலிக்கிறாள் என்ற மிதப்பில் இருக்கும் சிறைக்காவல் தலைவன் காந்தகனை ஏமாற்றி, அவன் சம்மதத்தோடு தானே அரண்மனைக்குச் சுரங்கம் தோண்டி, வேலை முடிந்ததும் அவனைக் கொன்றுவிடுகிறான். சுரங்கம் வழியாகப் போனால் அங்கே தூங்குகிற இளவரசி. நம்பி ஏமாந்தவன் சவம், ஏமாற்றியவன் மாப்பிள்ளை. இந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை என்றால் அது நம் ரசனைக் குறைவு ஆகாது.

பெண்கள் விஷயமும் அப்படித்தான். முனிவரின் துறவையும் செல்வனின் சொத்தையும் தோலுரித்துக் காட்டியவள் காமமஞ்சரி. உண்மையில் அந்த நகரத்தின் முதல் திருடி அவள்தான், அதுவும் கன்னக்கோல் இல்லாத திருடி. அவளுக்குக் கிடைப்பது தண்டனை. அதே வேலையைச் செய்கிற ஆணுக்குக் கிடைப்பது நாயகப் பட்டம். பையின் நிபந்தனையில் தானம் யாருக்குப் போகிறது என்று பார்த்தால் பிராமணர்களுக்கு. ஹாப்ஸ்பாம் 1969இல் 'சமூகக் கொள்ளையர்' பற்றி எழுதிய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவனை ஏழைப்பங்காளன் ஆக்க முயன்றால் கதை ஒத்துழைக்காது. நம் 'மலைக்கள்ளன்' (திரைப்படம் 1954) இதே வழியில் வருகிறவன்தான். கள்ளன் கடைசியில் நல்ல குடும்பத்துப் பிள்ளையாக இருந்தாக வேண்டும், அப்போதுதான் கைதட்ட முடியும்.

ஆனாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது, மொழி விளையாட்டு. இதே நூலின் ஏழாவது கதையைச் சொல்கிறவனின் உதட்டைக் காதலி கடித்துவிட்டாள். உதடு ஒட்டும் எழுத்தைச் சொன்னால் வலிக்கும். எனவே கதை முழுக்க அந்த எழுத்துகளே வராது. நிரோட்டம் என்று நாம் சொல்லும் சித்திரகவி இது. பெரம்பலூரை ஒட்டிய துறைமங்கலத்தோடு சேர்த்தே பெயர் சொல்லப்படும் சிவப்பிரகாசர் 17ஆம் நூற்றாண்டில் திருச்செந்தில் முருகனுக்கு நிரோட்டக யமக அந்தாதி பாடினார். அவரிடம் பக்தியாகவும் புலமைப் போட்டியாகவும் ஆன உத்தி, தண்டியிடம் கடிபட்ட உதட்டின் நகைச்சுவையாக இருக்கிறது. விதியை எழுதிய இலக்கணக்காரரே விதியை வைத்துக் கேலி பண்ணுவதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது.

6

இந்தக் கதைகளை இப்போது ஏன் தூசு தட்ட வேண்டும்? பொற்கொல்லன் சொன்ன கதை மதுரையோடு முடியவில்லை என்பதால்தான். 1871இல் பிரிட்டிஷ் அரசு குற்றப் பழங்குடிகள் சட்டம் கொண்டுவந்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. ஊர் வழக்கில் ரேகைச் சட்டம். கைரேகை பதிந்து, இரவில் போலீஸ் கண்காணிப்பில் படுத்து, நான் திருடவில்லை என்று தினம் தினம் ஒரு சமூகமே நிரூபிக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்தவர்கள்மேல் துப்பாக்கிச்சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் சட்டம் 1947இல் ஒழிந்தது. நாடு முழுக்க 1952இல். பிறவியிலேயே கள்ளர், பரம்பரைத் தொழில், ரகசிய மொழி, மாயத் தந்திரம் என்றெல்லாம் அதிகாரிகள் எழுதிவைத்த குறிப்பேடுகளைப் புரட்டினால் கொலைக்களக் காதையின் களவுநூல் அரசாங்க முத்திரையோடு மறுபதிப்பு ஆனதுபோல இருக்கும்.

இன்னொரு பக்கம், நிஜமான திருட்டு நம்ம வாசல்லயே நடந்தது. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயிலின் சோழர்கால நடராசர் களவுபோய், 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. விற்றவர் நியூயார்க் மேடிசன் அவென்யூவில் காட்சிக்கூடம் நடத்திய சுபாஷ் கபூர். அவரிடம் கன்னக்கோல் இல்லை, கறுப்புத்துணி இல்லை. பழம்பொருள் சட்டம் வந்த 1972க்கு முன்பே சிலை இந்தியாவைவிட்டுப் போய்விட்டதாக ஒரு காகிதம் இருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள் அந்தக் காகிதத்தைப் பொய்யாக்கின. கபூர் 2011இல் பிராங்க்பர்ட்டில் கைதானார்; நடராசர் 2014இல் திரும்பி வந்தார்; சுத்தமல்லி வரதராசப் பெருமாள் கோயில் சிலைகள் வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் கபூருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

அந்தக் காகிதத்தைத் தண்டியின் தோல்பையோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் பொய். இரண்டும் திருட்டுப்பொருளை நேர்வழிப் பொருளாகக் காட்டுபவை. இரண்டையும் பெரிய இடங்கள் நம்பின, அல்லது நம்ப விரும்பின. ஆனால் தண்டியின் பை, உரியவனிடம் முதலில் திருப்பிக்கொடு என்று கேட்டது. கலைச்சந்தையின் காகிதம் யாரையும் எதையும் திருப்பித்தரச் சொல்லாது. கடத்தல்காரர்கள் பழைய சிலைகளைப் புதிய கைவினைப் பொருள் என்று ஆவணத்தில் எழுதிக் கப்பலேற்றியதையும் இதோடு சேர்க்க வேண்டும். இன்றைய சிற்பியின் உழைப்பு அவனுடைய பாட்டன் செய்த சாமியைக் கடத்துவதற்கு முகமூடியாகிறது. செய்தித்தாளில் முதலில் படம் வருவதோ, நூறுக்கும் ஆயிரத்துக்கும் பூட்டை உடைத்த உள்ளூர்க் கைகளுக்கு.

தமிழில் நகரத்துக் கள்ளனைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க ஒரு மாய நாவல் எழுத வேண்டும் என்று நினைக்கிற நண்பர்கள் இருக்கலாம். எழுதுங்கள். தொழில்நுட்பம் வேண்டுமானால் தண்டி இருக்கிறார்: பொய்த்தலை, வண்டுச்சிமிழ், ராஜாவையே நம்பவைக்கிற கதை. எச்சரிக்கை வேண்டுமானால் கொலைக்களக் காதை இருக்கிறது. நாயகன் கடைசிப் பக்கத்தில் அரச குமாரனாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம்பி ஏமாந்தவனைச் சாகடிக்காதீர்கள். காமமஞ்சரி தன் பக்கத்துக் கதையைத் தானே சொல்லட்டும். முக்கியமாக, கள்ளன் என்று யாராவது ஒருவனைக் கைகாட்டிக் கதை சொன்னால், அந்தக் கையின் சொந்தக்காரன் வீட்டில் என்ன ஒளிந்திருக்கிறது என்று நாவல் ஒருமுறை எட்டிப்பார்த்துவிட வேண்டும்.